புதுச்சேரிச் சுங்கக் கோடும் நம் தறியும்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலை நம் அங்கத்தினர்களில் பலருக்கு நன்கு பழக்கமானது. தூரம் சுமார் 22 கிலோமீட்டர். சில தினங்களுக்கு முன் நாம் அவ்வழியே பஸ்ஸில் சென்றோம். அருகில் அமர்ந்திருந்த நெசவாளர் ஒருவர் மடியில் கைலி மூட்டையை வைத்துக்கொண்டிருந்தார். முள்ளோடையை நெருங்கியபோது அவர் வெளியே சுட்டிக்காட்டி, “ஐயா, இங்கேதான் தமிழ்நாடு முடிகிறது. அந்தப் பக்கத்து வயலிலும் இதே நெல்தான். இந்தப் பக்கத்துத் தறியிலும் இதே நூல்தான். ஆனால் கணக்கு மட்டும் இரண்டு” என்றார்.

அவர் சொன்ன சொல் நம் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரே பேச்சு, ஒரே பயிர், ஒரே நெசவு உடைய பூமியின் நடுவே இந்தக் கோடு எவ்வாறு விழுந்தது? அது யாருக்கு லாபம் தந்தது, யாருக்கு நஷ்டம் தந்தது? இன்று அதில் எஞ்சியிருப்பது எது? இவற்றை நெசவாளரும் விவசாயிகளும் அறிந்துகொள்வது அவசியம் என்று கருதியே இக்கட்டுரையை வரைகின்றோம்.

உப்புக்கு விலை பேசிய ஒப்பந்தம்

ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த யுத்தங்கள் முடிந்தபின், 1814-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி புதுச்சேரி பிரான்சுக்குத் திருப்பித் தரப்பட்டது. 1816-இல் பிரெஞ்சு அதிகாரிகள் வந்து பொறுப்பேற்றனர். அவர்கள் பெற்றது ஒரே துண்டான நிலப்பரப்பன்று. வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று பிரெஞ்சுக் கிராமங்கள் தென்னாற்காடு ஜில்லாவின் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடந்தன. ஒரு குடியானவனின் வீடு ஒரு சர்க்காரிலும் நிலம் மற்றொரு சர்க்காரிலும் இருப்பது சாதாரணமாயிற்று.

இத்தகைய எல்லையில் இரண்டு வரிவிதிப்பு முறைகள் அருகருகே நின்றால் என்ன நேரும் என்பதை ஆங்கிலேயர் உடனே உணர்ந்தனர். அவர்களுக்கு முதல் கவலை உப்பு. சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியாரின் ஏகபோகம். புதுச்சேரி உப்பளங்களிலிருந்து மலிவான உப்பு எல்லை கடந்து வந்தால் அந்த வருமானம் குலைந்துவிடும். ஆகவே 1815-இல் லண்டனில் ஓர் உடன்படிக்கை செய்தனர். உப்பு, அபினி இவற்றின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்த இசைந்தமைக்காகப் பிரெஞ்சு சர்க்காருக்கு ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் தருவதாக ஏற்பாடு. 1818-இல் மற்றோர் ஒப்பந்தத்தினால் பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு எடுப்பதே நிறுத்தப்பட்டது. உப்பளச் சொந்தக்காரர்களுக்கு நஷ்ட ஈடாக ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் நிர்ணயிக்கப்பட்டது. நகரின் தென்பகுதிக்கு உப்பளம் என்ற பெயர் இன்றும் வழங்கி வருகின்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. எல்லையின் இருபுறத்து விலை வேற்றுமைக்கு மதிப்பு வைத்துப் பேரம் பேசியவர்கள் இரண்டு சர்க்கார்கள். வருஷப் பணம் சென்றது பிரெஞ்சுக் கஜானாவுக்கு. நஷ்ட ஈடு சென்றது உப்பளச் சொந்தக்காரருக்கு. வெயிலில் நின்று உப்பை வாரிய கூலியாளின் பெயர் எந்த ஒப்பந்தத்திலும் இடம்பெறவில்லை.

ஆப்பிரிக்காவுக்குச் சென்ற நீலத் துணி

உப்பு நின்றது, துணி நிற்கவில்லை. புதுச்சேரியிலும் சுற்றுப்புறங்களிலும் நெய்து, அவுரிச் சாயத்தில் பன்முறை தோய்த்து, கருநீலமாக்கிய ஒருவகைப் பருத்தித் துணிக்குப் பிரெஞ்சுக்காரர் ‘கினே’ என்று பெயரிட்டிருந்தனர். இது புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சின் பொர்தோ துறைமுகம் சென்று, அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகலுக்குப் போயிற்று. செனெகல் நதிக்கரையில் அரபுப் பிசின் வாங்கச் சென்ற வணிகர்கள் பணத்துக்குப் பதிலாக இத்துணியையே அளந்து கொடுத்தனர். இத்தனை பிசினுக்கு இத்தனை ‘கினே’ என்று பேரம் நடந்தது. நம் நாட்டுத் துணி ஓர் அயல்நாட்டில் நாணயமாகவே வழங்கியது என்றால் மிகையாகாது.

ஐரோப்பிய ஆலைகள் இதைப் பார்த்துப் போலித் துணி செய்து அனுப்பின. ஆனால் நதிக்கரை மக்கள் துணியைத் தொட்டுப் பார்த்தும் முகர்ந்து பார்த்தும் அசல் எது, போலி எது என்று பிரித்தறிந்தனர் என்பர். எனினும் மலிவு விலை மெல்ல மெல்ல வென்று வந்தது. 1877-இல் பிரெஞ்சு சர்க்கார் செனெகலில் அயல்நாட்டுத் துணிக்கு அதிக வரி விதித்துப் புதுச்சேரித் துணிக்குப் பாதுகாப்பு அளித்தது.

பாதுகாப்பு நல்லதுதான். ஆனால் அதன் கயிறு பாரிஸ் நகரில் இருந்தது. நெய்தவரும் தோய்த்தவரும் தம் சந்தையைக் கண்டதில்லை. அங்கே விலை ஏறினால் அவர்களுக்குத் தெரியாது. இறங்கினால் மட்டும் தறி நின்றுபோவதைக் கொண்டு தெரிந்துகொள்வர். மேலும் 1829-இல் தொடங்கிய சவானா ஆலையும், 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலையும் போன்றவை வளர வளர, கைத்தறி நெசவாளருக்கு அவ்வியாபாரத்தில் இருந்த பங்கு சுருங்கியது. காலப்போக்கில் அந்த நீலத் துணியின் வியாபாரமே மறைந்தது.

மணிலாக் கொட்டை சென்ற வழி

விவசாயிகளின் கதை சற்று வேறு விதமானது. தென்னாற்காடு ஜில்லாவின் செம்மண் நிலங்களில் மணிலாக் கொட்டை விளைந்தது. விளைந்தது ஆங்கிலேயர் நாட்டில். கப்பலேறியதோ பிரெஞ்சுத் துறைமுகத்தில். மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளும் சோப்பு ஆலைகளும் அதை ஆவலுடன் வாங்கின. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டபின் இவ்வியாபாரம் மேலும் பெருகிற்று. அயல் சர்க்காரின் சிறு துறைமுகம் ஒன்று பக்கத்தில் இருந்தது நம் விவசாயிக்கு நன்மையாயிற்று என்பதை மறுக்கவியலாது.

தண்ணீரும் இந்தக் கோட்டைப் பொருட்படுத்தியதில்லை. தமிழ்நாட்டில் உள்ள சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பெண்ணையாற்று நீர் வந்து பாகூர் ஏரியை நிரப்புகின்றது. ஊசுட்டேரியின் ஒரு பகுதி புதுச்சேரியிலும் மறுபகுதி தமிழ்நாட்டிலும் இருக்கின்றது. ஒரு பக்கம் மடை அடைத்தால் மறுபக்கம் பயிர் வாடும். ஆகவே இங்கே இரு தரப்பாரும் கூடிப் பேசியே தீர வேண்டும்.

அந்நியச் சட்டம் தந்த ஒரு நன்மை

தனி எல்லையினால் தொழிலாளருக்கு நன்மையே விளைந்ததில்லை என்று நாம் கூறுவதற்கில்லை. 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 12 தொழிலாளர்கள் உயிர் நீத்தனர். தோழர் வ. சுப்பையா முதலியோர் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பலனாக 1937-இல் பிரெஞ்சு இந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அக்காலத்தில் எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் இந்தியாவில், 1934-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளொன்றுக்கு 10 மணி நேரமும் வாரத்துக்கு 54 மணி நேரமும் வேலை வாங்க இடம் கொடுத்திருந்தது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு அங்கே வந்தது 1946-இல்தான். சட்டம் பிரெஞ்சுக்காரருடையது, அதை இங்கே இறங்கச் செய்தது இங்குள்ள தொழிலாளரின் ஒற்றுமை. இதை நாம் மறத்தலாகாது.

கோடு மறைந்தது, மீண்டது, மறைந்தது

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. 1940 செப்டம்பரில் புதுச்சேரி கவர்னர் பொன்வேன், ஜெனரல் தெகோல் பக்கம் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, 1941-இல், பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் பிரெஞ்சு இந்தியாவுக்கும் இடையே சுங்க ஐக்கிய ஒப்பந்தம் ஏற்பட்டது. அதாவது, கொடி வேறு, கோர்ட்டு வேறு. ஆனால் சுங்கம் ஒன்று. நூல் மூட்டையும் நெல் வண்டியும் தடையின்றிப் போய்வந்தன.

பாரதம் விடுதலை பெற்றபின் 1949-இல் இந்த ஐக்கியம் முடிவுக்கு வந்தது. புதுச்சேரி மீண்டும் தனிச் சுங்கப் பகுதியாயிற்று. இந்திய சர்க்கார் எல்லை நெடுகச் சுங்கக் காவல் அமைத்தது. பின்வந்த ஐந்து ஆண்டுகளை முதியோர் இன்னும் நினைவில் வைத்திருக்கின்றனர். தங்கமும் கைக்கடிகாரமும் கடல் வழியே வந்து இறங்கி, இரவோடிரவாக வயல் வரப்புகளின் வழியே எல்லை கடந்தன. சிலர் திடீரென்று செல்வந்தராயினர். ஆனால் ஆலைக்கு வேண்டிய பருத்தி எல்லைக்கு அப்பாலிருந்தே வரவேண்டியிருந்தது. விளைபொருளை விற்கவும் அப்பால்தான் போக வேண்டியிருந்தது. கள்ளக் கடத்தலில் ஒரு பை தங்கத்தை மறைத்துக் கொண்டு போகலாம். ஒரு பாவு நூலை, ஒரு வண்டி நெல்லை, எங்கே மறைப்பது? விலை வேற்றுமை என்னும் வயலில் அறுவடை செய்தவர்கள் கையில் முதலும் துணிச்சலும் உடைய வணிகர்கள். களை பறித்தவர்கள் நம்மவர்கள்.

1954 மார்ச்சு மாதத்தில் புதுச்சேரிக் கொம்யூன்களின் தலைவர்கள் இந்தியாவுடன் இணைய வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றினர். நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டுப் பகுதிகள் முதலில் விடுபட்டன. ஏனாம் ஜூன் மாதத்திலும் மாஹே ஜூலையிலும் விடுபட்டன. அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறிற்று. சுங்கக் காவல் கலைந்தது.

விந்தையான எட்டு ஆண்டுகள்

ஆட்சி மாறியதேயன்றிச் சட்டப்படி உரிமை உடனே மாறவில்லை. ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே 28-இல் கையெழுத்தாயிற்று. அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்டு 16-இல். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளும் புதுச்சேரி நடைமுறையில் இந்தியாவுக்கும் ஏட்டளவில் பிரான்சுக்கும் உரியதாயிருந்தது! சுங்கச் சட்டமும் கலால் சட்டமும் 1954-லேயே வந்துவிட்டன. வருமான வரிச் சட்டமோ 1963-இல்தான் வந்தது. 1963 ஜூலை 1-ஆம் நாள் சட்டசபையுடன் கூடிய யூனியன் பிரதேசமாகப் புதுச்சேரி அமைந்தது.

சுய ஆட்சி கிடைத்தவுடன் ஒரு சம்பவம் நடந்தது. புதுச்சேரிச் சட்டசபை 1965-இல் விற்பனை வரிச் சட்டம் இயற்றிற்று. சொந்தமாக எழுதாமல், சென்னை மாகாணத்தின் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தை, தன் சட்டம் அமலுக்கு வரும் நாளில் அது எவ்வாறு இருக்குமோ அவ்வாறே எடுத்துக்கொண்டது. அதற்குள் சென்னைச் சட்டசபை தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. புதுச்சேரி பார்த்தறியாத திருத்தமும் புதுச்சேரிக்குச் சட்டமாயிற்று. வணிகர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1967-இல் சுப்ரீம் கோர்ட்டு, இது சட்டசபை தன் அதிகாரத்தைப் பிறரிடம் முழுதும் ஒப்படைப்பதாகும் என்று கூறி அச்சட்டத்தைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. பெரிய அமைப்பில் சேர்ந்த சிறிய பிரதேசமும் தன் கணக்கைத் தானே எழுத வேண்டும் என்பது இதன் பொருள்.

பிற தேசங்களில்

இத்தகைய விந்தைகள் நமக்கு மட்டுமே உரியவை அல்ல. ஜெர்மனிக்குச் சொந்தமான பியூசிங்கன் என்னும் கிராமத்தைச் சுவிட்சர்லாந்து நாற்புறமும் சூழ்ந்திருக்கின்றது. 1964-இல் செய்து 1967-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி அக்கிராமம் ஜெர்மன் ஆட்சியில் இருந்தும் சுவிஸ் சுங்கத்தில் அடங்கியது. ஜெர்மனி ஐரோப்பிய ஐக்கியத்தில் உறுப்பினர். ஆயினும் இக்கிராமம் அதன் சுங்க எல்லைக்குப் புறம்பானது.

விவசாயிகள் அறிய வேண்டியது ஜெனீவா நகரின் கதை. அந்நகரைச் சூழ்ந்த ஜெக்ஸ் என்னும் பிரெஞ்சுப் பகுதியின் குடியானவர்கள் பாலும் காய்கறியும் ஜெனீவாவில் விற்றே பிழைத்தனர். 1815-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பிரான்சு தன் சுங்கக் கோட்டை எல்லையிலிருந்து உள்ளே தள்ளி வைத்துக்கொண்டது. 1923-இல் அதே பிரான்சு தன்னிச்சையாகக் கோட்டை எல்லைக்கே கொண்டுவந்தது. சுவிட்சர்லாந்து வழக்காடியது. ஹேக் நகரிலிருந்த சர்வதேச நீதிமன்றம் 1932-இல் சுவிட்சர்லாந்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1934 தொடக்கத்தில் சுங்கக் கோடு மீண்டும் பின்வாங்கியது. பால் விற்கும் குடியானவனின் வழி ஒரு வல்லரசின் வசதியை விட மேலானதாக மதிக்கப்பட்டது.

இன்று எஞ்சியிருக்கும் கோடு

இன்று புதுச்சேரிப் பிரதேசம் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என நான்கு துண்டுகளாக மூன்று ராஜ்யங்களின் நடுவே சுமார் 490 சதுர கிலோமீட்டரில் அமைந்துள்ளது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நாடெங்கும் நடைமுறையில் இருக்கின்றது. பருத்தி நூலுக்கும் பருத்தித் துணிக்கும் எல்லைக்கு இருபுறமும் வரி ஒன்றே, 5 விழுக்காடு. அவ்வரியைப் பொறுத்தமட்டில் சட்டசபை உள்ள புதுச்சேரி ஒரு ராஜ்யமாகவே பாவிக்கப்படுகின்றது. வரி மன்றத்தில் அதற்கு இடமும் உண்டு. ஆனால் மத்திய வரிகளை ராஜ்யங்களுக்குப் பங்கிடும் நிதிக் கமிஷனின் கணக்கில் அது ராஜ்யமன்று. ஒரு வாசலில் ராஜ்யம். மறு வாசலில் யூனியன் பிரதேசம்.

நம் அங்கத்தினர்களைத் தொடும் வேற்றுமைகள் மூன்று. முதலாவது, பொருள் விற்பவர் வரிக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டிய வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை. புதுச்சேரியில் 20 லட்சம். இரண்டாவது, எல்லை தாண்டிப் பொருள் விற்பவர் பொதுவாக விற்பனை எவ்வளவு குறைவாயினும் பதிவு செய்தாக வேண்டும். குறிப்பிட்ட சில கைவினைப் பொருள்களுக்கு நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. மூன்றாவது, தமிழ்நாட்டுச் சங்கங்கள் 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்துக்கும் புதுச்சேரிச் சங்கங்கள் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் உட்பட்டவை. இரு பகுதி அங்கத்தினரையும் ஒரே சங்கத்தில் சேர்ப்பதாயின் 2002-ஆம் ஆண்டுப் பல்மாநிலக் கூட்டுறவுச் சட்டத்தை நாட வேண்டும்.

பஸ்ஸில் வந்த அன்பர் சொன்ன ‘இரண்டு கணக்கு’ இதுதான். வண்டியை மறித்த சாவடி போயிற்று. கணக்கேட்டில் உள்ள சாவடி நிற்கின்றது.

நாம் செய்யத் தக்கது

சிலர், தனி அந்தஸ்தே நம்மைக் காக்கும் என்பர். வேறு சிலர், எல்லா வேற்றுமையும் ஒழிந்தால் நலம் என்பர். வரலாறு இரண்டையும் முழுமையாக ஆதரிக்கவில்லை. தனிச் சட்டம் எட்டு மணி வேலையைத் தந்தது; தனிச் சுங்கம் கடத்தல்காரரை வளர்த்தது. பாதுகாப்பு வரி நீலத் துணியைச் சில காலம் தாங்கியது, நிரந்தரமாகத் தாங்கவில்லை. ஒரு காலத்தில் நகருக்கே பிழைப்பளித்த ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலையும், புதுச்சேரி சர்க்காரின் கைக்கு வந்த பின்னரும், 2020-இல் மூடப்பட்டது. எல்லையினால் வரும் லாபம், எல்லையைப் பயன்படுத்தத் தெரிந்தவனிடமே போய்ச் சேர்கின்றது. தனித்து நிற்கும் நெசவாளி அதைப் பயன்படுத்த வல்லவனல்லன், சங்கம் வல்லது.

ஆகவே எல்லையோரச் சங்கங்கள் சில காரியங்களை உடனே செய்தல் நலம். இருபுறத்து விதிகளையும் எளிய தமிழில் ஒரு தாளில் எழுதிச் சங்கக் கட்டடத்தில் ஒட்டி வைக்கலாம். சிறு நெசவாளி தனித்தனியே எல்லை தாண்டி விற்றுச் சிக்கலில் மாட்டிக்கொள்வதைத் தவிர்த்து, பதிவு பெற்ற சங்கத்தின் மூலமாகவே சரக்கை அனுப்பலாம். நூல் கொள்முதலில் கடலூர்ப் பக்கத்துச் சங்கமும் புதுச்சேரிப் பக்கத்துச் சங்கமும் கலந்து பேசி ஒரே காலத்தில் வாங்கலாம்; இதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஏரிப் பாசன விவசாயிகள் மடை திறக்கும் காலத்தை முன்கூட்டியே இருபுறமும் அறிவித்துக்கொள்ளலாம்.

பஸ் புதுச்சேரியை அடைந்ததும் அந்த நெசவாளர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினார். தம் ரசீதை எந்தப் பகுதிக் கணக்கில் எழுதுவது என்று யாரைக் கேட்பது என அவர் வினவினார். “உங்கள் சங்கக் காரியதரிசியை” என்றோம். அவருக்கு விடை சொல்லும் ஆயத்தத்துடன் ஒவ்வொரு காரியதரிசியும் இருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.